அனிமேஷன் படங்களின் வரலாறு – 23: கோடும் அழுக்கும்

வால்ட் டிஸ்னி நிறுவனம் தன் முழுநீள அனிமேஷன் படங்களை ஒருமுறை ஓட்டிக் காசாக்கிவிட்டு மறந்துவிடும் சரக்காகக் கருதவில்லை என்பதையும், ஏறத்தாழ ஏழாண்டுகளுக்கு ஒருமுறை புதிய தலைமுறைக் குழந்தைகள் பார்க்கும் வயதை எட்டிவிடுவார்கள் என்று கணக்கிட்டு அவற்றைத் திரையரங்குகளில் மீண்டும் வெளியிட்டு வந்தது என்பதையும் சென்ற பகுதி விளக்கியது. 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கார்த்தே சர்க்கிள் அரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' இந்த வழக்கப்படி 1944இல் தொடங்கி 1993 வரை எட்டு முறை அமெரிக்கத் திரையரங்குகளுக்குத் திரும்பி வந்தது. அந்தக் காலமெல்லாம் பார்வையாளரிடம் எஞ்சியது நினைவு மட்டுமே என்பதால், 1944இல் பார்த்த நிறமும் 1967இல் பார்த்த நிறமும் ஒன்றுதானா என்று கேட்க எவராலும் முடியவில்லை. வீட்டு வீடியோ வந்த பிறகே படத்தை நிறுத்தவும், பின்னுக்கு ஓட்டவும், ஒரு பதிப்பை இன்னொன்றுடன் ஒப்பிடவும் சாதாரண மனிதருக்கு வாய்த்தது. 1980 முதல் 2023 வரையிலான இந்த வரலாற்றைக் காட்சித் தரத்தின் இடையறாத ஏற்றமாகச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் பழைய ஓவியங்களுக்கு மிகப் பெரிய சேதம் மங்கலான நாடாக்களின் காலத்தில் அல்லாமல், எல்லாவற்றையும் துல்லியமாகத் துடைக்க முடிந்த காலத்திலேயே நேர்ந்தது என்பதைச் சான்றுகள் காட்டுகின்றன.

அந்தப் படங்கள் பிலிமில் எவ்வாறு பதிந்திருந்தன என்பதை அறியாமல் இதைப் புரிந்துகொள்ள இயலாது. ஓவியர் தாளில் பென்சிலால் வரைந்த உருவம், 'செல்' எனப்பட்ட ஒளி ஊடுருவும் தகட்டின் மேற்புறத்தில் மைக்கோடாகப் படியெடுக்கப்பட்டு, பின்புறத்தில் வண்ணம் பூசப்பட்டு, தனியே தீட்டிய பின்னணி ஓவியத்தின் மேல் கண்ணாடியால் அழுத்தி வைக்கப்பட்டு, சட்டகம் சட்டகமாகப் படம்பிடிக்கப்பட்டது. நடிகர்களை வைத்து எடுத்த டெக்னிகலர் படங்களில் ஒளியைப் பிரித்து ஒரே கணத்தில் மூன்று கருப்பு வெள்ளை நெகட்டிவ்களில் பதிக்கும் பெரிய கேமரா தேவைப்பட்டது. ஓவியம் அசையாமல் காத்திருக்கும் என்பதால் அனிமேஷனில் அது தேவைப்படவில்லை. ஒரே கருப்பு வெள்ளைச் சுருளில், ஒரே ஓவியத்தை, சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே அடுத்தடுத்து மூன்று முறை பதித்தார்கள். 'அடுத்தடுத்த பதிவு நெகட்டிவ்' என்று இதை அழைக்கலாம். நொடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் 83 நிமிடம் ஓடும் 'ஸ்னோ ஒயிட்'டில் ஏறத்தாழ 1,20,000 சட்டகங்கள் வருகின்றன என்றால், அதன் நெகட்டிவில் ஏறத்தாழ 3,60,000 பதிவுகள் இருக்க வேண்டும்.

இந்த முறை சிக்கனத்துக்காகவும் துல்லியத்துக்காகவும் கையாளப்பட்டதே தவிர, பிற்காலத்தை எண்ணிச் செய்யப்பட்டதன்று. எனினும் அதன் பெரும்பயன் பிற்காலத்துக்கே கிடைத்தது. 1950களில் பரவிய ஈஸ்ட்மேன்கலர் போன்ற ஒற்றைச் சுருள் வண்ண நெகட்டிவ்களில் நிறத்தைத் தாங்கிய சாயங்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கிப்போயின. டிஸ்னியின் பழைய நெகட்டிவ்களிலோ சாயமே கிடையாது. மூன்று நிறங்களின் அளவும் வெள்ளித் துகள்களாகக் கருப்பு வெள்ளையில் பதிந்திருந்ததால், நிறமற்ற சுருளில் நிறம் அழியாமல் இருந்தது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமில் அவை இருந்தன என்பது பெரும் ஆபத்து. மூன்று பதிவுகளுள் ஒன்றில் மட்டும் தூசி விழுந்திருந்தால் திரையில் அது வண்ணப் புள்ளியாகத் தெரிந்தது என்பது சிறிய தொல்லை. இந்தச் சிறிய தொல்லையே பின்னாளில் பெரிய விவாதமாக வளர்ந்தது.

வீட்டு வீடியோவை டிஸ்னி நிறுவனம் முதலில் எதிரியாகவே எதிர்கொண்டது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீட்டில் பதிவுசெய்ய உதவும் பீட்டாமேக்ஸ் கருவியை விற்றதற்காக சோனி நிறுவனத்தின்மீது 1976இல் யூனிவர்சல் நிறுவனத்துடன் சேர்ந்து அது வழக்குத் தொடுத்தது. 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வரும்வரை நிறுவனம் காத்திருக்கவில்லை. 1980இலேயே சில படங்களை நாடாவில் வெளியிட்டு, மறு ஆண்டில் 'டம்போ'வையும் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்'டையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொலைக்காட்சியில் ஏற்கெனவே காட்டப்பட்டவை என்பதால் இவ்விரண்டும் முந்திக்கொண்டன. மகுடம் போன்ற படங்களை நாடாவில் தந்தால் ஏழாண்டுச் சுழற்சி குலைந்துபோகும் என்ற அச்சம் நிர்வாகத்தில் வலுவாக இருந்தது. 1985இல் 79.95 டாலர் விலையில் 'பினோக்கியோ' வந்ததும், 1986இல் 29.95 டாலருக்கு 'ஸ்லீப்பிங் பியூட்டி' வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றதும் அந்த அச்சத்தைக் கரைத்தன. 1991இல் 'ஃபேண்டசியா' ஒரு கோடிக்கு மேலும், 1995இல் 'தி லயன் கிங்' மூன்று கோடிக்கு மேலும் விற்றன. திரையரங்கச் சுழற்சியின் இடத்தைப் 'பெட்டகம்' என்ற விற்பனை முறை பிடித்துக்கொண்டது: குறிப்பிட்ட காலம் மட்டும் ஒரு படத்தை விற்பது, பிறகு பல ஆண்டுகள் கடைகளிலிருந்து விலக்கிவைப்பது, மீண்டும் புதிய பதிப்பென்று கொண்டுவருவது. ஒவ்வொரு திரும்பிவரவுக்கும் புதிய காரணம் ஒன்று தேவைப்பட்டதால், 'மீட்டெடுக்கப்பட்ட பதிப்பு' என்ற சொற்றொடர் அட்டைப்பெட்டியின் முகப்பில் ஏறிக்கொண்டது என்பதை இங்கேயே குறித்துவைப்பது நல்லது.

வி.எச்.எஸ். நாடா காட்டிய படம் எத்தகையது? கிடைமட்டத்தில் ஏறத்தாழ 240 கோடுகள் அளவுக்கே அதனால் விவரம் காட்ட முடிந்தது. நிறத்தை அதைவிடப் பன்மடங்கு குறைந்த நுட்பத்திலேயே அது பதிவுசெய்தது. மனித முகங்களில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. அனிமேஷனிலோ ஒரு கோட்டுக்குள் ஒரே அடர் நிறம் நிறைந்திருப்பதால், சிவப்பு தன் எல்லையைத் தாண்டி வலப்புறம் வழிவது குழந்தைகளின் கண்ணுக்கும் தெரிந்தது. இந்தியா உள்ளிட்ட, 'பால்' முறை ஒளிபரப்பைப் பின்பற்றிய நாடுகளில் இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது: அம்முறையில் தொலைக்காட்சி நொடிக்கு 25 சட்டகங்களைக் காட்டும் என்பதால், 24 சட்டகப் படத்தைச் சற்றே வேகமாக ஓட்டிப் பதிவு செய்தார்கள். 83 நிமிடப் படம் 80 நிமிடத்துக்குள் முடிந்தது. பாடல்களின் சுருதியும் ஏறக்குறைய அரைச் சுரம் அளவுக்கு உயர்ந்து ஒலித்தது. அந்நாடுகளில் நாடாவில் மட்டுமே அப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு அந்த உயர்ந்த சுருதியே இயல்பானதாகப் பதிந்தது.

ஆயினும் நாடா செய்த குறைகள் அனைத்தும் பதிப்பின் குறைகளே. மூலத்தை அவை தொடவில்லை. அகலத்திரைப் படங்களை வெட்டியதும் அவ்வாறே. 1959இல் வெளியான 'ஸ்லீப்பிங் பியூட்டி', பிலிமைக் கிடைவாக்கில் ஓட்டி வழக்கமானதைவிடப் பெரிய சட்டகத்தில் பதியும் டெக்னிராமா முறையில் எடுக்கப்பட்டது. ஐவிண்ட் எர்ல் தீட்டிய பின்னணிகள், இடைக்கால ஐரோப்பியத் திரைச்சீலைகளைப் போலச் சட்டகத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புவரை இலை இலையாக விவரம் நிறைந்தவை. உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலமுள்ள அந்தத் திரைப்படத்தை நான்குக்கு மூன்று என்ற பழைய தொலைக்காட்சிச் சட்டத்துக்குள் அடைத்தபோது நூற்றுக்கு 43 பங்கு ஓவியம் வெளியே விடப்பட்டது. 2008இல் டிஸ்னியின் பழம்பெரும் அனிமேஷன் படங்களில் முதலாவதாக அது ப்ளூ-ரே தட்டில் வந்தபோது, நெகட்டிவில் இருந்த 2.55 மடங்கு அகலமும் காட்டப்பட்டது. வெட்டியது எளிதில் திரும்பக் கிடைத்தது என்பதே இதில் முக்கியம். 1978 முதல் விற்பனைக்கு வந்த லேசர் தட்டு என்ற பெரிய ஒளித்தட்டு, நாடாவைவிடத் தெளிவானது. அதன் ஒரு வகையில் பக்கத்துக்கு அரைமணி நேரமே பதிய முடிந்தாலும் ஒவ்வொரு சட்டகத்தையும் அசைவின்றி நிறுத்திப் பார்க்க முடிந்ததால், அனிமேஷன் மாணவர்களுக்கு அது பாடநூலாகவே பயன்பட்டது.

திருப்பம் 1993இல் நேர்ந்தது. அவ்வாண்டின் திரையரங்க மறுவெளியீட்டுக்காகக் கோடாக் நிறுவனத்தின் சினிசைட் பிரிவு, 'ஸ்னோ ஒயிட்' முழுவதையும் கணினிக்குள் ஏற்றி, அங்கே சீர்செய்து, மீண்டும் பிலிமில் பதித்தது. ஒரு முழுநீளத் திரைப்படம் தொடக்கம் முதல் முடிவுவரை இவ்வாறு கணினி வழியே கடந்துவந்தது அதுவே முதல்முறை. கிடைமட்டத்தில் ஏறத்தாழ 4,000 புள்ளிகள் என்ற நுட்பத்தில் அப்பணி நடந்தது. அன்றைய வீட்டு வீடியோவுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை. கணினி இதில் செய்தது எளிமையாகச் சொன்னால் இதுதான்: ஒரு சட்டகத்தில் தோன்றி அடுத்ததில் இல்லாமற்போகும் புள்ளியைத் தூசி என்றும், சட்டகந்தோறும் தொடர்ந்து நிற்பதைப் படம் என்றும் கொண்டு, முன்னதை அகற்றிவிட்டு அந்த இடத்தை அக்கம்பக்கச் சட்டகங்களிலிருந்து நிரப்பியது. பிலிமின்மேல் பின்னாளில் படிந்த அழுக்குக்கு இந்த முறை மிகப் பொருத்தமானது. அதில் எவருக்கும் மனக்குறை இருக்க நியாயமில்லை.

ஆனால் அழுக்கில் இரண்டு வகை உண்டு. நெகட்டிவ் உருவான பிறகு சேர்ந்தது ஒருவகை. படம்பிடிக்கும்போதே கேமராவின் கீழிருந்து ஓவியத்தோடு பதிந்துவிட்டது இன்னொரு வகை. செல் தகடுகள் தூசியை ஈர்க்கும் தன்மை கொண்டவை. 1937இல் 'தி ஓல்ட் மில்' குறும்படத்தில் முதன்முதலாகப் பயன்பட்ட பலதளக் கேமராவிலோ, தொலைவையும் ஆழத்தையும் காட்டுவதற்காகப் பல கண்ணாடி அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தார்கள் என்பதால், ஒவ்வொரு அடுக்கும் தன் பங்குக்குத் தூசியைத் தாங்கியது. இவை தவிர, செல் தகட்டின் கீறல், அது பின்னணிமேல் விழுத்திய மெல்லிய நிழல், ஒரே நிறம் தகட்டுக்குத் தகடு நூலிழை வேறுபட்டதால் உண்டான நடுக்கம் ஆகியவையும் 1937ஆம் ஆண்டின் முதல் காட்சியிலேயே திரையில் இருந்தவை. 2005இல் 'பாம்பி' டி.வி.டி.க்காகச் சீரமைக்கப்பட்டபோது இந்த இரண்டாம் வகைத் தூசியும் அகற்றப்பட்டது. படைத்தவர்கள் விரும்பாத விபத்தை நீக்குவது அவர்களுடைய நோக்கத்துக்குச் செய்யும் மரியாதை என்பது சீரமைத்தவர்களின் வாதம். அது எடுத்தெறியத்தக்க வாதமன்று. தூசியைக் குறைக்க அந்தக் கலைக்கூடத்தினர் அன்றே எவ்வளவோ பாடுபட்டார்கள் என்பதும் உண்மை. எனினும் ஒரு படத்தின் வரலாற்றை ஆவணமாகக் காப்பதும், அது எப்படி இருந்திருக்க வேண்டும் என்று கருதுவதைப் படைப்பதும் வெவ்வேறு பணிகள். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததிலிருந்தே பின்வந்த குழப்பங்கள் தொடங்குகின்றன.

'பாம்பி'யிலும் அதே ஆண்டில் டி.வி.டி.யாக வெளியான 'சிண்டரெல்லா'விலும் டிஸ்னியுடன் சேர்ந்து பணிபுரிந்தது பர்பேங்க் நகரின் லௌரி டிஜிட்டல் நிறுவனம். அதை நிறுவிய ஜான் லௌரி, 1972இல் அப்பல்லோ விண்கலப் பயணத்தின்போது நிலவிலிருந்து வந்த தொலைக்காட்சிக் காட்சிகளின் இரைச்சலை அகற்றிப் பெயர் பெற்றவர். தொழில்நுட்பத்தில் 'இரைச்சல்' என்பது ஒலியை மட்டும் குறிப்பதன்று. படத்தில் சட்டகந்தோறும் இடம் மாறி மினுமினுக்கும், செய்தி எதையும் தாங்காத துகள்களையும் அச்சொல் குறிக்கும். நிலவிலிருந்து வரும் அலைவரிசையில் அந்த மினுமினுப்பு முழுக்கமுழுக்கத் தீமை. பிலிமிலோ அது வெள்ளித் துகள்களின் இயல்பான மணித்தன்மை. படமே அந்தத் துகள்களால் ஆனதுதான். அனிமேஷன் படத்தில் அசையும் படத்துக்கும் அசையா ஓவியத்துக்கும் இடையில் இந்த மணித்தன்மை நிற்பதால், ஓவியமே மூலம், பிலிம் வெறும் ஊடகம் என்று எண்ணியவர்களுக்கு அதை அகற்றுவது திரையை விலக்கி ஓவியத்தைக் காட்டும் செயலாகத் தோன்றியது.

அந்த எண்ணத்தின் விலையை 'சிண்டரெல்லா' காட்டியது. 2005 டி.வி.டி.யும், பின்னர் 2012இல் வந்த ப்ளூ-ரேயும் முதல் பார்வைக்கு நேற்று தீட்டியவைபோல் பளிச்சென்றிருந்தன. சமநிறப் பரப்புகளில் சலனமே இல்லை. நின்று பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். வேகமாக அசையும் கைகளின் ஓரக்கோடுகள் சில சட்டகங்களில் மெலிந்தும் அறுந்தும் போயிருந்தன. உடையின் மடிப்பைக் காட்டிய, அதே நிறத்தின் சற்றே அடர்ந்த மென்கோடுகள் கரைந்திருந்தன. 'ஒரு சட்டகத்தில் தோன்றி அடுத்ததில் இல்லாமற்போவது தூசி' என்ற விதியை மீண்டும் எண்ணிப்பார்த்தால் காரணம் புரியும். விரைந்து அசையும் ஒரு கோடு ஒரு சட்டகத்தில் இருந்த இடத்தில் அடுத்த சட்டகத்தில் இருப்பதில்லை. கருவியின் கணக்குப்படி அதுவும் தூசியே. அசைவைக் காட்டுவதற்காகவே ஓவியர்கள் சட்டகந்தோறும் இடம் மாற்றிய கோட்டை, அது இடம் மாறியது என்ற குற்றத்துக்காகவே கருவி துடைத்தது. இந்தச் சேதத்தின் முன்வடிவத்தை 1990களிலேயே வேறு நிறுவனங்களின் குறும்படங்கள் கண்டிருந்தன. அப்போது அது நாடாவிலும் லேசர் தட்டிலும் சிதறிக்கிடந்த கோளாறாக மட்டுமே கருதப்பட்டது.

இதைவிடக் கடுமையான சேதம் 1960களின் படங்களுக்கு நேர்ந்தது. அதன் காரணம் அவை உருவான முறையிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 60 லட்சம் டாலர் செலவான 'ஸ்லீப்பிங் பியூட்டி'க்குப் பிறகு செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடி வந்தபோது, வால்ட் டிஸ்னியின் நெடுங்காலத் தோழரும் நுட்பவல்லுநருமான அப் ஐவர்க்ஸ், அலுவலகங்களில் அப்போது பரவிவந்த ஜெராக்ஸ் நகல் முறையை அனிமேஷனுக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார். அதுவரை ஓவியரின் பென்சில் வரைவை, மைக்கோடிடும் பெண் கலைஞர்கள் வண்ண மைகளால் செல் தகட்டில் மிக நேர்த்தியாகப் படியெடுத்து வந்தார்கள். 1961இல் வெளியான 'நூற்றொரு டால்மேஷன்கள்' முதல், ஓவியரின் பென்சில் கோடே நேரடியாகத் தகட்டுக்கு நகலாக மாறியது. நாய்க்குட்டிகளின் எண்ணற்ற புள்ளிகளை ஒவ்வொரு சட்டகத்திலும் கையால் மையிடுவது நடக்காத காரியம் என்பதால் அந்தப் படமே இந்த முறையால்தான் சாத்தியமாயிற்று. நேர்த்தியான மைக்கோடு மறைந்து, கருத்த, சற்றே கரடுமுரடான, ஓரத்தில் திருத்தக் கீற்றுகள் எஞ்சிய கோடு திரைக்கு வந்தது. வால்ட் டிஸ்னிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மில்ட் கால் போன்ற தேர்ந்த ஓவியர்கள் தங்கள் கையின் அழுத்தமும் வேகமும் முதன்முறையாக இடைக்கை எதுவுமின்றித் திரையில் தெரிந்ததைப் பெரிதும் வரவேற்றார்கள். 1963இன் 'தி ஸ்வோர்ட் இன் தி ஸ்டோன்' படத்தில் மந்திரவாதி மெர்லினின் தாடியிலும் முழங்கையிலும் துடிக்கும் அந்தப் பென்சில் கீற்றுகள், அனிமேஷன் கலையை விரும்புகிறவர்களுக்கு ஒரு மாபெரும் ஓவியரின் கையெழுத்துக்குச் சமமானவை.

இரைச்சல் நீக்கும் கருவியின் கண்ணுக்கு அந்தக் கீற்றுகள் அனைத்தும் இரைச்சலின் இலக்கணத்துக்குள் அடங்கின: மெலிதானவை, ஒழுங்கற்றவை, சட்டகந்தோறும் மாறுபவை. 2013இல் அந்தப் படத்தின் ப்ளூ-ரே வெளியானபோது, மணித்துகள்களோடு பென்சில் கீற்றுகளும் பின்னணி ஓவியத்தின் தூரிகைத் தடங்களும் சேர்ந்து அழிக்கப்பட்டு, உருவங்களின் ஓரங்கள் ஈரத்துணியால் இழுத்ததுபோல் மெழுகப்பட்டிருந்தன. அதே படத்தின் பழைய டி.வி.டி., ப்ளூ-ரேயின் புள்ளிகளில் ஆறில் ஒரு பங்கு அளவே கொண்டிருந்தும், ஓவியரின் கோட்டை அதைவிட உண்மையாகக் காட்டியது. தட்டின் கொள்ளளவும் புள்ளிகளின் எண்ணிக்கையும் காட்சித் தரத்துக்கு உத்தரவாதம் ஆகா என்பதற்கு இந்தக் கலையின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை. அந்தப் பதிப்பைப் பாராட்டி எழுத எவ்விதக் காரணமும் கிடையாது. அது வெளிவந்திருக்கவே கூடாது.

நிறத்தைப் பற்றிய சிக்கல் இன்னும் நுட்பமானது. டிஸ்னியின் ஓவியக் காப்பகத்தில் பழைய செல் தகடுகளும் பின்னணி ஓவியங்களும் இன்றும் இருப்பதால், அவற்றைப் பார்த்துப் படத்தின் நிறத்தைத் திருத்தலாம் என்று முதலில் தோன்றும். ஆனால் அந்தக் கலைக்கூடத்தின் வண்ணங்கள் அதன் சொந்த ஆய்வகத்தில், கேமராவையும் டெக்னிகலர் முறையையும் கடந்து திரையில் எவ்வாறு தோன்றும் என்பதைச் சோதித்துப் பார்த்தே தயாரிக்கப்பட்டவை. தகட்டில் பூசிய நிறம் இடைநிலை. திரையில் விழுந்த நிறமே இலக்கு. ஆகவே தகட்டின் நிறத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவருவது, படைத்தவர்கள் கணக்கிட்டு விட்டுவைத்த மாற்றத்தைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவதாகும். இதற்கு நம்பத்தகுந்த சாட்சி, அந்தக் காலத்து டெக்னிகலர் பிரதிகளே. சாயத்தை அச்சுப்போல் பிலிமில் ஏற்றும் முறையில் உருவான அப்பிரதிகள் மிகக் குறைவாகவே மங்குபவை. அவற்றிலும் ஒரு பிரதிக்கும் இன்னொன்றுக்கும் சிறு வேறுபாடு உண்டு என்பதாலும், அன்றைய கரிவில் விளக்கின் ஒளியில் பார்க்கவே அவை தயாரிக்கப்பட்டன என்பதாலும், இறுதித் தீர்ப்பைக் கண்ணும் அனுபவமும் உள்ள மனிதரே வழங்க வேண்டியிருக்கிறது.

செல் தகடே இல்லாமல் பிறந்த படங்களில் இதே கேள்வி தலைகீழாகத் திரும்பியது. பிக்சாருடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட 'கேப்ஸ்' என்ற கணினி முறையில், ஓவியரின் பென்சில் வரைவைக் கணினிக்குள் ஏற்றி அங்கேயே வண்ணமிட்டார்கள்; 1990இன் 'தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்' முழுமையாக இவ்வாறு உருவான முதல் படம். திரையரங்குகளுக்கு அப்போது பிலிம் வேண்டியிருந்ததால் இறுதியில் எல்லாம் பிலிமில் பதிக்கப்பட்டன. பிற்கால டி.வி.டி.க்களும் ப்ளூ-ரேக்களும் பிலிமைத் தவிர்த்துக் கணினிக் கோப்பிலிருந்து நேரடியாக உருவாக்கப்பட்டபோது, தூசியும் நடுக்கமும் இல்லாத படம் கிடைத்தது. கூடவே 1990களில் திரையரங்கில் எவரும் பார்த்திராத, கூடுதல் பிரகாசமான நிறங்களும் வந்தன. 2002இன் ஐமேக்ஸ் வெளியீட்டுக்காக 'தி லயன் கிங்' படத்தில் ஒரு பாடல் காட்சியின் முதலைகள் புதிதாக வரையப்பட்டு, அந்த வடிவமே 2003 டி.வி.டி.யிலும் இடம்பெற்றது, 2011 ப்ளூ-ரேயில் பழைய முதலைகள் திரும்பி வந்தன. மூலம் கோப்பாக இருக்கும்போது திருத்துவது இவ்வளவு எளிது என்பதும், திருத்தியதை மீட்பதும் அதே அளவு எளிது என்பதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் சேர்ந்தே தெரிகின்றன.

2023ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் மனம் நிறையப் பதிவுசெய்ய வேண்டிய ஆண்டு. 'சிண்டரெல்லா'வின் நைட்ரேட் நெகட்டிவ் மீண்டும் 4,000 புள்ளி நுட்பத்தில் கணினிக்குள் ஏற்றப்பட்டது. இம்முறை தொழில்நுட்பர்களோடு, கையால் வரைந்து பழகிய அனிமேஷன் ஓவியர் எரிக் கோல்ட்பெர்க்கும் கலை இயக்குநர் மைக்கேல் ஜியாய்மோவும் அமர்ந்து காட்சி காட்சியாக ஆலோசனை வழங்கினார்கள். எது கோடு, எது அழுக்கு என்பதைக் கோடு போடத் தெரிந்தவரிடம் கேட்பது என்ற எளிய முடிவு அது. அவ்வாண்டு பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட அந்தப் பதிப்பில் மணித்துகள் திரும்பி வந்திருந்தது. உடையின் மடிப்புக் கோடுகளும் திரும்பி வந்திருந்தன. பல ஆண்டுகளாக விளம்பரப் பொருள்களின் செல்வாக்கால் நீலமென்றே கருதப்பட்ட நடன உடை, வெள்ளிச் சாயலுடன் மின்னியது. அதே ஆண்டில் 'ஸ்னோ ஒயிட்'டும் இதே அணுகுமுறையில் புதிய 4கே தட்டாக வெளிவந்தது. பழைய நெகட்டிவ்களை எவரும் தொடாமல் பாதுகாத்து வைத்திருந்ததாலேயே இது சாத்தியமாயிற்று. 2005இல் துடைக்கப்பட்டது பதிப்பில்தான், நெகட்டிவில் அன்று.

ஆனால் எல்லாப் படங்களுக்கும் இந்த வாய்ப்பு இன்னும் கிடைக்கவில்லை. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் இணையச் சேவை தொடங்கியதும் பெட்டக முறை பெருமளவு முடிவுக்கு வந்தது. படங்கள் எப்போதும் கிடைக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் ஒரே வடிவத்தில் மட்டும். புதிய மீட்டெடுப்பு வந்தால் பழையது ஓசையின்றி இடம்பெயர்கிறது. வராத படத்துக்கு, மெழுகப்பட்ட வடிவமே ஒரே வடிவமாக நீடிக்கிறது. அமெரிக்காவில் உறுப்பினர்களுக்கு அஞ்சல் வழியே தட்டுகளை விற்றுவந்த டிஸ்னி மூவி கிளப்பும் 2024இல் மூடப்பட்டது. எனவே கைவிடப்பட்ட நாடாக்களும் லேசர் தட்டுகளும் முதல் டி.வி.டி.க்களும் இன்று ஆய்வாளர்களுக்கு முக்கியமான சான்றுகளாகிவிட்டன: ஒரு கோடு எந்த ஆண்டுவரை இருந்தது, எந்தப் பதிப்பில் காணாமற்போனது என்பதை அவற்றை வரிசையாக வைத்து ஒப்பிட்டே சொல்ல முடிகிறது. நெகட்டிவையே இழந்த நிறுவனங்களுக்கு இந்தப் பதிப்புகள் சான்றாக மட்டுமன்றி மூலமாகவும் பயன்பட நேர்ந்த கதை அடுத்த பகுதிக்கு உரியது.

(தொடரும்)